பெஞ்சு மேல் நோட்டு வரிசை

கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு புத்தகம் தன் இடத்தில் இல்லையென்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்றதும் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். கடுகைத் தேடிக் களைத்துப்போன என் கணவர், இந்தத் திறமையை நாலு பேருக்கு உபயோகப்படுகிற மாதிரி வெளியே எங்காவது காட்டக் கூடாதா என்றார். கிண்டல்தான். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அப்படித்தான் சைதாப்பேட்டை முகாமில் போய்ச் சேர்ந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சமூகக் கூடத்தில் இலவசமாகச் சர்க்கரை பார்ப்பார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், என்னைப் போல சம்பளமில்லாமல் வருகிற மூன்று பேர். எட்டு மணிக்கு ஆரம்பம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் விடியும்போதே ஆட்கள் வந்துவிடுவார்கள்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது நீளப் பெஞ்சின் மேல், சர்க்கரை அளவு குறிக்க ஆட்கள் கொண்டுவந்த நாற்பது நோட்டுகள் கிடந்தன. சில குப்புற, சில பாலிதீன் பைக்குள். ஒன்றின் மேல் மூக்குக் கண்ணாடிக் கூடு, இன்னொன்றின் மேல் ஒற்றைச் செருப்பு. ஆட்கள் எல்லோரும் வாசலில் மரத்தடியில் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. நோட்டுகளை வாரி எடுத்து, பெயர்களைப் பார்த்து அகர வரிசையில் அடுக்கி, நர்ஸின் மேசையில் வைத்தேன். செருப்பை இரண்டு விரலால் தூக்கி வெளியே போட்டேன். வாசலில் இருந்தவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் நான் அடுக்கிய வரிசையிலேயே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். கதவோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கலாம், வியர்த்துக் கொட்டி அப்படியே சுவரில் சாய்ந்தார். நர்ஸ் ஓடி வந்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, இனிமேல் ரத்தம் எடுக்க முடியுமா என்பதைத்தான். முடியாது. வெறும் வயிறு போய்விட்டது. அதைக் கேட்டு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அடையாற்றில் ஒரு வீட்டில் சமையல் வேலை. கீரையில் பூச்சி இருந்ததை இரண்டு தடவை பார்க்காமல் விட்டுவிட்டார். மூன்றாவது தடவை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆற்றோரக் குடிசையில் இருந்தவரை அரசாங்கம் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தியிருந்தது. அங்கிருந்து முதல் பஸ் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் வந்திருக்கிறார். மாதத்தில் அவருக்கு லீவு இந்த ஒரு ஞாயிறுதான்.

வாசலில் இருந்த தையல்கார பாய்தான் எனக்கு விளக்கினார். பெஞ்சில் கிடந்தது குப்பை இல்லை, வரிசை. வந்த ஆள் தன் நோட்டை வைத்துவிட்டு மரத்தடியில் போய் உட்காரலாம். அவருக்குப் பதிலாக நோட்டு நிற்கும். நோட்டை மறந்தவர் செருப்பை வைப்பார். பசியோடு கால் கடுக்க நிற்க வேண்டாம் என்பதற்காக அவர்களே பல வருடமாக வைத்திருக்கிற ஏற்பாடு. அந்த அம்மாளின் நோட்டுதான் முதலில் இருந்தது. அவர் பெயர் 'வ'வில் ஆரம்பிக்கும். நான் அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.

ஏன் யாருமே அப்போதே சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும். அந்த அம்மாள்தான் பதில் சொன்னார்.

"இன்னாத்தம்மா சொல்றது. காசு வாங்காம எங்களுக்கோசரம் வந்து நிக்கிறீங்க. உங்களாண்ட போய்த் தப்பு பண்ணிட்டீங்கன்னு எப்டி சொல்றது?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காசு வாங்காமல் வருகிறவளைக் கேள்வி கேட்க முடியாது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நூலகத்தில் கூட மாணவர்கள் என்னை எதிர்த்துப் பேசுவார்கள்.

மீதி இருந்தவர்களின் நோட்டுகளை பாய் திரும்பப் பெஞ்சில் வைக்கச் சொன்னார். பழைய வரிசை யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றேன். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவரைக் காட்டினார். ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நான் அடுக்க எடுத்துக்கொண்டதைவிடக் குறைந்த நேரத்தில் வரிசை பழையபடி வந்து உட்கார்ந்தது. முதல் இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்த அம்மாள் தன் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த மாதம் முழுக்க எனக்குக் கீரை ஆயவே மனம் வரவில்லை. அடுத்த முகாம் அன்று ஆறு மணிக்கே ஆட்டோ பிடித்துப் போனேன். என் கைப்பையை முதலில் வைத்து அந்த அம்மாளுக்கு இடம் பிடித்துவிட வேண்டும் என்று திட்டம். ஏழெட்டு நோட்டுகள் எனக்கு முன்பே வந்திருந்தன. அவற்றுக்கும் முன்னால், பெஞ்சின் நுனியில், அரைச் செங்கல் ஒன்று இருந்தது. செங்கல் தூள் பெஞ்சில் உதிர்ந்திருந்தது. துடைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"அதுல கை வெக்காதீங்க மேடம்" என்றார் பாய். "அது அந்தக்காவோட எடம். போன மாசமே மொத ஆளு அதானே."

என் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழரைக்குத்தான் அந்த அம்மாள் வந்தார். வழியில் பஸ் கெட்டுப்போய்விட்டதாம். செங்கல்லைப் பார்த்தார். அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நோட்டை வைத்தார்.

எட்டு மணிக்கு முதலில் அவர் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர், தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்து போட்டுக்கிறாராம்மா? எந்த எடத்துல?"

அவர் விரலைப் பிடித்து அந்தக் கையெழுத்தின் மேல் வைத்தேன்.