கட்டவே கட்டாதீங்க

எனக்குத் தமிழ் தெரியும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் வேத வாசிப்பு என்றால் போதகர் என்னைத்தான் கூப்பிடுவார், ழகரம் பிசகாது என்று. அக்கா பிள்ளைகள் "தண்ணி பந்துச்சா?" என்று கன்னடத்தைக் கலந்தால் விடமாட்டேன். வந்துச்சான்னு சொல்லு என்று தலையில் தட்டுவேன். வீட்டில் எனக்கு வாத்தியாரம்மா என்று பட்டப்பெயர்.

அந்த மிதப்பில்தான் இந்த வேலைக்கும் சேர்ந்தேன். பீன்யாவில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் சின்ன அலுவலகம். மக்காச்சோளம் போட்டவர்களுக்கு எந்த நாளில் தண்ணீர் விட வேண்டும் என்று கணக்குப் பண்ணிச் சொல்வதுதான் தொழில். விதைத்த தேதி, மண், மழை, வெயில், கடைசியாக எப்போது தண்ணீர் விட்டார்கள் என்பதையெல்லாம் கொடுத்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கட்டம் காட்டும். பச்சை என்றால் ஈரம் இருக்கிறது. சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். கர்நாடகத்து விவசாயிகளிடம் பேச ஆள் நிறைய இருந்தார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் ஆள் இல்லை. "தமிள் பரத்தா?" என்று மேனேஜர் கேட்டார். வருமாவாம்! "மாத்ருபாஷெ சார்" என்றேன், தாய்மொழி என்று, கொஞ்சம் முறைப்பாகவே.

குறுஞ்செய்தி படிக்க முடியாதவர்களை நான் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர்களில் ஓர் அக்கா. ஒன்றரை ஏக்கர் செம்மண், ஒரு கிணறு, இரண்டு மாடு. கணவர் இறந்த பிறகு தனியாகவே பார்த்துக்கொள்கிறார். அந்தச் சோளம் விளைந்தால்தான் அவருக்கு அந்த வருஷம் ஓடும். என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு தடவை அவர் தண்ணீர் விடப் புறப்பட்டபோது, இன்னும் நாலு நாள் பொறுங்கள் என்று நான் தடுத்தேன். இரண்டு தடவையும் மழை வந்துவிட்டது. அதிலிருந்து நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு இல்லை. எனக்கும் தலைகால் புரியவில்லை.

பயிர் பூவெடுத்தது. மக்காச்சோளத்துக்கு அதுதான் கண்டம். உச்சியில் பூ வந்து, கதிரின் நுனியில் பட்டு நூல் தள்ளுகிற அந்தச் சில நாட்களில் வயல் காய்ந்தால் மணி பிடிக்காது. முன்னே பின்னே காய்ந்தாலாவது ஓரளவு தாங்கும். அவருடைய கட்டம் சிவப்பானதும் கூப்பிட்டேன். கீழே பட்டறையில் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பூ வந்துடுச்சா?"

"வந்துருச்சுங் அம்மணி. கெணத்துல தண்ணி கம்மியாத்தான் கெடக்குது. ஏனுங், தண்ணி கட்டட்டுங்களா, வேண்டாங்களா?"

எனக்குப் பகீரென்றது. கடையைக் கட்டுவது என்றால் மூடுவது. அணை கட்டினால் தண்ணீர் நிற்கும். எங்கள் தெருவில் குழாய் வராத நாளில் "இன்னிக்கு தண்ணி கட்" என்போம். கிணற்றில் குறைவாக இருக்கிறதே என்று இவர் தண்ணீரை நிறுத்தப் பார்க்கிறார் என்றுதான் எனக்கு விளங்கியது.

"ஐயோ அக்கா, கட்டாதீங்க! இந்த டைம்ல கட்டவே கட்டாதீங்க. கட்டுனீங்கன்னா மொத்தப் பயிரும் வேஸ்ட்."

"அப்படீங்களா? நல்லவேள கேட்டனுங்க. கட்டலீங் அம்மணி."

தண்ணீர் விடப்பட்டது என்று குறித்தேன். கட்டம் பச்சையாகிவிட்டது. ஒரு பயிரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

ஒன்பது நாள் அது பச்சையாகவே இருந்தது. மறுபடி சிவப்பானதும் கூப்பிட்டு, அடுத்த தண்ணீர் விட வேண்டும் என்றேன்.

"அடுத்ததுங்களா? போன தண்ணியே உடலீங்களே. எலையெல்லாம் சுருட்டிக்கிச்சு. பக்கத்துக் காட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. அம்மணி அத்தன அழுத்திச் சொல்லிருக்குது, அதுக்குத் தெரியாதான்னு நாந்தான் உடலீங்க."

"நான் எப்போக்கா சொன்னேன்?"

"கட்ட வேண்டாம்னீங்களே."

"ஆமா, கட்ட வேண்டாம்னுதான் சொன்னேன்!"

"அதனாலதானுங்க கட்டல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் என்னையே மாட்டிவிடுகிறாரே என்று குரலை உயர்த்தினேன். கடைசியில் அவர்தான் இறங்கிவந்தார். "எங்காதுல சரியா உழுகல போல இருக்குதுங்க. எம்மேலதான் தப்பு" என்றார். இன்றைக்கே தண்ணீர் விடுங்கள் என்று சொல்லிவிட்டு, விவசாயி ஆலோசனையைப் பின்பற்றவில்லை என்ற இடத்தில் டிக் அடித்தேன்.

கீழே டீக்கடையில் பட்டறைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பல்லடத்துக்காரர். அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார்.

"தண்ணி கட்டறதுன்னா பாச்சறதுதானுங்க மேடம். எங்கூர்ல வேற எப்படிச் சொல்லுவாங்க?"

டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடி, பழைய அழைப்பின் பதிவைப் போட்டுக் கேட்டேன். கட்டாதீங்க, கட்டவே கட்டாதீங்க. என்ன சுத்தமான உச்சரிப்பு! எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். அந்த அம்மாவே தன் தவறு என்று ஒப்புக்கொண்டது பதிவில் இருக்கிறதே என்றார். "பிடி, பிடி" என்று கையை வீசினார். கன்னடத்தில் பிடி என்றால் விடுங்கள் என்று அர்த்தம். அந்த வித்தியாசம் மட்டும் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

நானும் விட்டேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரம் அந்த எண்ணைத் தொடவில்லை. சிவாஜிநகரில் பஸ் மாறும்போது யாராவது சோளக்கதிர் சுட்டு விற்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், யாரும் சொல்லாமல், நானே கூப்பிட்டேன்.

"கதிர்ல மணியே இல்லீங் அம்மணி" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "அங்கொண்ணும் இங்கொண்ணுமா, பொக்க வாயாட்ட. மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டு இருக்கறனுங்க."

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. தண்ணி கட்டறதுன்னா நிறுத்தறதுன்னு நெனச்சிட்டேன். விடச் சொல்றதா நெனச்சிட்டுதான் கட்டாதீங்கன்னு சொன்னேன். உங்களுக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு."

அந்தப் பக்கம் மாடு கத்தியது.

"பெரியாஸ்பத்திரில காது டாக்டர்கிட்டக்கூடப் போனனுங்க" என்றார் பிறகு. "ரண்டு காதும் நல்லாத்தான் இருக்குதுன்னாரு. அப்புறம் எப்படின்னு ரோசன பண்ணிட்டே இருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ஏனுங் அம்மணி, நீங்க தமிழ்தானுங்களே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேனேஜர் கேட்டபோது பட்டென்று வந்த பதில் இப்போது வாயில் வரவில்லை.

"பெங்களூர், அக்கா" என்றேன்.