பூ சொல்ல முடியாத கேள்வி

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல, லீவுக்கு வந்திருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

அவர்களில் மூன்று பேர் நான் சொன்னால் கேட்பார்கள். கடைசி மகனும் கேட்பான், கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்வான். ஏரிக்குப் போகாதே என்றால் அங்கேதான் கிடப்பான். சரி, போய்த் தொலை என்றால் வீட்டை விட்டு நகரமாட்டான். ஊரெல்லாம் வேர்க்கடலை போட்ட வருடம், நீயும் போடு என்றேன். எள் விதைத்தான். நல்ல விளைச்சல் வேறு.

இப்போது வடநாட்டில் லாரி ஓட்டுகிறான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இந்த வீட்டில் நான் மட்டும்தான். ஒரு பிடி அரிசி வடித்தாலும் மிஞ்சிப்போகிறது. காஞ்சிபுரத்தில் இருக்கும் மகள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரச்சொல்லி நச்சரித்தாள்.

“ஆடிக் கூழுக்கு ஒன் தம்பி வந்தான்னா, அவனுக்குத் தொறந்த வூடு வேணும், நான் இங்கியே கீறேன். வரலன்னா பூட்டிக்கினு ஒன்கூட வரேன்” என்றேன்.

சொன்னேனே தவிர, ஆடி வரை பொறுக்க மனமில்லை. அம்மன் கோயிலுக்குப் பூ கேட்கப் போனேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு என்றால் வருவான், வெள்ளை என்றால் வரமாட்டான். வெள்ளை வந்தது.

அழுதுகொண்டே மகளுக்குப் போன் செய்தேன். அவள் வாய் சும்மா இருக்குமா? தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

“நான் வரமாட்டன்னு சொல்ல சாமி யாரு? டிக்கெட் போடறேன் பாரு” என்று குதித்தானாம். போட்டும் விட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். நிச்சயம் செய்துகொள்ள மறுபடியும் பூ கேட்டேன். சிவப்பு! சந்தோஷம் தாங்காமல் மகளிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அவன் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டான்.

மறுபடி போய் நின்றபோது பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“யக்கா, போதும். வேற இன்னா வேணா கேளு, இத்த கேக்காத.”

“ஏன்? வருவானா, மாட்டானா. இதுல இன்னா கோணல் கீது?”

“செவப்பு வந்தா அவன் வரமாட்டான். வெள்ள வந்தா வந்து நிப்பான். எதச் சொன்னாலும் ஆத்தா பொய் சொன்னவளா ஆயிடுவா. அவள ஏன் பேஜார் பண்ற?”

“அப்போ ஆத்தாளுக்கே தெரியாதா?”

“தெரியும். ஒன்கிட்ட சொன்னா மாறிப்பூடும். நீ ஒன் பொண்ணுகிட்ட சொல்லுவ, அது அவன்கிட்ட சொல்லும்.”

“நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“நீயா!” என்றார் பூசாரி. கும்பிட வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விபூதிகூட வாங்காமல் திரும்பினேன். வழியெல்லாம் யோசித்தேன். மற்ற மூன்று பேரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் பூ சொல்லும். பதிலைத் தெரிந்துகொண்டு அதையே உடைக்கிறவனைப் பற்றி, அவன் காதில் விழும்படி கேட்டால், அந்தக் கேள்விக்குக் காலே இல்லை. எங்கே போய் நிற்கும்?

ஆடி வந்தது. கூழ் ஊற்றினேன். அவன் வரவில்லை. மாதம் முடிந்ததும் மகள் புதுப் பூட்டோடு வந்துவிட்டாள்.

“எம்மா, சொன்ன பேச்ச காப்பாத்து. கெளம்பு.”

“வந்தான்னா, வந்துட்டான்னு தெரிஞ்சிடும். வரவே மாட்டான்னு என்னிக்குடி தெரியும்? இன்னிக்குப் பூட்டிட்டு, நாளைக்கு வந்து நின்னான்னா?”

“அப்போ சாவுற வரிக்கும் இப்டியே ஒக்காந்துக்கினு இருப்பியா?”

நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். யாரோ இறங்கி, எந்த வீட்டுக்கோ போகிறார்கள். திரும்பி வந்து உட்காருகிறேன். அடுத்த பஸ் வரை வீட்டில் சுவர்க்கோழிச் சத்தம்தான்.

“ஆயா, இத மாமாவுக்கு அனுப்பட்டா?” என்று கேட்கிறாள் பேத்தி.

“இருடி. மொதல்ல எனக்குப் படிச்சிக் காட்டு. அவன் வருவான்னோ மாட்டான்னோ எங்கனா சொல்லி வச்சிட்டனான்னு பாக்கணும்.”