சர்வருக்கு ஆயுத பூஜை

டேட்டா மீட்கும் தொழிலில் இருப்பவர்களை நல்ல நாளில் யாரும் கூப்பிட மாட்டார்கள். நல்ல நாள் முடிந்த மறுநாள் கூப்பிடுவார்கள். போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அரிசி டப்பாவில் புதைத்து வைத்துக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். அந்த உரிமையில், தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

உள்ளேயும் பொட்டு

அந்த சென்டரின் ஸ்கேன் படங்கள் எல்லாம் மூன்று சர்வர்களில் இருந்தன. ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று சர்வரிலும் ஒரு காப்பி வைக்கிற ஏற்பாடு. ஒன்று படுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் தாங்கும். மூன்றிலும் ஒரே நாளில் ஒருவர் கைவைப்பார் என்று இதைக் கண்டுபிடித்தவர்கள் நினைக்கவில்லை. அவர்கள் ஊரில் ஆயுத பூஜை கிடையாதே!

மேனேஜர் பாஸ்கர் சார் பக்திமான். பூஜையன்று, ஓடிக்கொண்டிருந்த சர்வர்களிலிருந்தே டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கிடைத்த இடத்தில் செருகிவிட்டார். மறுநாள் ஒரு படமும் திறக்கவில்லை. நானும் என்னோடு வேலை செய்யும் செல்வமும் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு டிஸ்க்கும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. "சர்வர் கதவுல வெச்சா போதாதா சார்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வெளியில மட்டும் வெச்சா சாமி உள்ள எப்படி மேடம் போகும்?"

மூணு காப்பி

"எத்தனை காப்பி இருக்குன்னு பாரு செல்வம்" என்றேன். "மூணு வேணும்க்கா" என்றான். வாசலில் நின்ற பாஸ்கர் சார் காதில் இது விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரர் மூன்று டம்ளர்களோடு என் பின்னால் வந்து நின்றார். நான் அவரைக் கவனிக்காமல், திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். "போச்சு! மூணு காப்பியில ரெண்டு கெட்டுப்போச்சு!"

டீக்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இப்பதான் பால் காச்சி எட்த்துகினு வரேன், வாய்லயே வைக்காம கெட்டுப்போச்சுன்னா இன்னா நியாயம்க்கா?"

டீச்சர்

அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்போது விமலா டீச்சர் வந்தார். அனகாபுத்தூர்க்காரர், சமூக அறிவியல் சொல்லித் தருகிறவர். போன வருஷம் இங்கே எடுத்த ஸ்கேனில் அவர் நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. இந்த வருஷமும் தெரிகிறது. பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும், வளராமல் இருந்தால் விட்டுவிடலாம், வளர்ந்திருந்தால் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவரிடம் இருந்த ஃபிலிமும் ரிப்போர்ட்டும், மழையில் வீட்டுக்குள் ஆற்றுத்தண்ணீர் வந்தபோது ஊறி ஒட்டிப்போய்விட்டன. இனி அந்தப் படம் இருந்தால் இந்தப் பொட்டு வைத்த டிஸ்க்குகளில்தான் இருக்க வேண்டும்.

விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க நிதானமா பாருங்கம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஆனா கொஞ்சம் சீக்கிரம்."

சுவிட்சைத் தொடாதே

இந்த மாதிரி சர்வர்களுக்கு ஒரு குணம் உண்டு. எழுப்பிவிட்டால் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ள ஆரம்பித்துவிடும். மற்ற நாளில் அது நல்ல குணம். இப்படி எல்லாமே குழம்பிக் கிடக்கும்போது, கெட்ட காப்பியை எடுத்து நல்லதன் மேல் எழுதினாலும் எழுதிவிடும். அதனால் மூன்றையும் அணைத்துவிட்டு, எதையும் எழுப்பாமல், முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுக்க ஆரம்பித்தோம். பாஸ்கர் சாருக்குப் பொறுக்கவில்லை. "ஆஃப் பண்ணியாச்சுல்ல, ஒரு தடவை ஆன் பண்ணா தானா சரியாயிடாதா?" என்று சுவிட்ச் பக்கம் போனார். செல்வம் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"வாணாம் சார், சொந்தக்காரங்க பஞ்சாயத்து மாதிரி ஆயிடும். கெட்டவன் பேச்சக் கேட்டு, நல்லாக்கீறவனையும் காலி பண்ணிட்டுத்தான் எழுந்திருப்பானுங்க."

அதே சைஸ்

நகல்களிலிருந்து துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தோம். ஸ்கேன் என்பது ஒரே படமல்ல. ரொட்டியை நறுக்கியது போல வரிசையாகப் பல வில்லைகள். டீச்சருடைய வில்லைகள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. நடுவில் சிலதுதான் இல்லை. கட்டி இருந்தது அந்த நடுவில்தான். எல்லா டிஸ்க்கையும் சலித்தாயிற்று, ஈரம் பட்டு முரண்டு பிடித்த ஒன்றைத் தவிர. அதைத் திரும்பத் திரும்ப, கெஞ்சிக் கெஞ்சிப் படிக்க வைத்தோம். "கொடுத்துடு ராஜா" என்று நான் வாய்விட்டே சொன்னதாகச் செல்வம் இன்றைக்கும் கேலி செய்கிறான். கொடுத்தது.

சென்டர் டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். "அதே சைஸ்தான், துளிகூட வளரலை" என்றார். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. டீச்சர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வீட்ல ஒரு வருஷமா வளராம இருக்கறது இது ஒண்ணுதாம்மா. பையன் வளந்துட்டான், சுகர் வளந்துடுச்சு, மாமியார் வாய்கூட வளந்துடுச்சு!"

போன வருஷம் இருந்தது இந்த வருஷமும் அப்படியே இருக்கிறது என்று காட்டினதற்கே கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார்கள் என்றால், எனக்குத் தெரிந்து அது எங்கள் தொழிலில் மட்டும்தான்.