சித்தப்பா சரிசெய்த கேம் பெட்டி

நான் அந்தப் பெட்டியைக் கழற்றியது நல்ல எண்ணத்தில்தான். பாண்டிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்து விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையனிடம் கைக்கு அடக்கமான ஒரு கேம் பெட்டி இருந்தது. ஒரு வாரமாக என்னையும் சேர்த்துக்கொண்டுதான் விளையாடினான். கடைசி இரண்டு நாளாக ஆட்டத்தின் நடுவே படம் விட்டுவிட்டுத் தெரிந்தது. மறுநாள் ஊருக்குப் போகிறவனுக்கு அதைச் சரிசெய்து கொடுத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருட முழுப்பரீட்சை லீவு அது. அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் தனியாக விட முடியாமல், அந்த விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் சித்தியோடு என்னை பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். சித்தி ஒரு வருடத்துக்கு முன்பு சித்தப்பாவை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. “சம்பாதிக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்” என்று அப்பா ஒருமுறை சொன்னது மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

சித்தப்பா மரக்காணத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். செத்துப்போன போன்களை என்னிடம் கொடுத்துக் கழற்றச் சொல்வார். சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எனக்கே எனக்கென்று தந்திருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அன்று காலை பையனின் குடும்பம் வெளியே போயிருந்தது. ஆறு மணிக்குத் திரும்புவார்கள். சித்தி அவர்கள் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் என் ஸ்க்ரூடிரைவரால் கேம் பெட்டியைத் திறந்தேன். திரையிலிருந்து நாடா மாதிரி தட்டையான ஒரு வயர் வந்து உள்ளே செருகியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். வயர் வந்தது. அதை அழுத்திப் பிடித்திருந்த கறுப்புத் துண்டும் ஒடிந்து தரையில் விழுந்தது. திரும்பச் செருகினேன், நிற்கவில்லை. திரை இருண்டே கிடந்தது.

துடைப்பத்தோடு வந்த சித்தி பார்த்துவிட்டாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல சித்தி.”

“என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கடி” என்றாள். குரல் உயரவே இல்லை.

எனக்குக் காய்ச்சல் என்று விடுதியில் பொய் சொல்லிவிட்டு, பெட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பாண்டிக்குப் போனோம். முதல் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் மரக்காணம் வழியாகப் போகும் பஸ்கள் இரண்டு கண்ணெதிரே கிளம்பிப் போயின. சித்தி நின்ற இடத்திலேயே நின்றாள். “நேரமாவுது சித்தி” என்று நான் அழ ஆரம்பித்த பிறகுதான் மூன்றாவதில் ஏறினாள்.

சித்தப்பா கடையில் தனியாக இருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துகொண்டார். சித்தி படியிலேயே நின்று, பெட்டியை என்னிடம் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

“வயர இறுக்கிப் புடிக்கிற லாக்க ஒடச்சிட்டியா? ஸ்ட்ரிப்ப அப்படி இழுக்கக் கூடாதும்மா. லாக்கத் தூக்கி உட்டுட்டுதான் எடுக்கணும்” என்றார் என்னிடம், துளிக் கோபமில்லாமல். லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். “ரெண்டு பின்னு வேற மடங்கியிருக்குது.” பிறகு தலை நிமிராமலே, “உள்ள வந்து டார்ச்சப் புடி” என்றார். அது எனக்குச் சொன்னதல்ல.

சித்தி வந்து டார்ச்சைப் பிடித்தாள்.

அவரிடம் இருந்த ஊசி அந்த இடுக்குக்குத் தடிமனாக இருந்தது. சித்தி புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அவர் நீட்டிய கையில் தராமல் மேசைமேல் வைத்தாள். ஊசியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா சொல்வதுண்டு. சித்தியும் அதைத்தான் பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

மயிரிழை போன்ற பின்களை அவர் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். வயரின் முனையை ரப்பரால் தேய்த்தார். லாக் இல்லாமல் அது இறுகி நிற்க வேண்டுமே; பின்பக்கம் செலோடேப் ஒட்டித் தடிமனாக்கிச் செருகினார். திரை வெள்ளையாக எரிந்தது. படம் வரவில்லை. மணி மூன்று. இன்னொரு டேப் ஒட்டினார். இப்போது கோடு கோடாக வந்தது. டார்ச் வெளிச்சம் மேசைமேல் நடுங்கியது.

“ஆடாமப் புடி” என்றார் மெதுவாக.

மூன்றாவது டேப் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து மூடியை அழுத்தியதும் படம் பளிச்சென்று வந்தது. பாட்டும் வந்தது. நான் குதித்தேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே எழுந்து, பெட்டியைப் போட்டுத் தர ஒரு கவர் எடுப்பதற்காக, சித்தியின் தலைக்குமேல் இருந்த பலகையை நோக்கிக் கையைத் தூக்கினார். சித்தி சட்டென்று பின்னால் சாய்ந்தாள். முதுகு கண்ணாடி அலமாரியில் மோதியது. டார்ச் கீழே விழுந்து உருண்டது.

“கவர்தான் எடுக்குறேன்” என்றார் அவர்.

கடை ரொம்பச் சின்னது, நிற்கக்கூட இடமில்லை என்று நினைத்தேன்.

ஐந்தரைக்கு விடுதிக்கு வந்து பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். பையன் வந்து விளையாடினான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது சித்தி, “நாம அங்க போனத யார்கிட்டயும் சொல்லாத” என்றாள். தலையாட்டினேன். ஆனால் அவ்வளவு நல்ல செய்தியை எப்படி அடக்கி வைப்பது? பிரிந்திருந்த இரண்டு பேர் ஒன்றாகக் குனிந்து ஒரு பொருளைச் சரிசெய்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். சோறு வைக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “அவளாவே போயிருக்கா. அப்புறம் என்ன?” என்றார்.

சித்தியைச் சித்தப்பாவிடமே அனுப்புவதென்று பத்து நாளில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இனி வேலையும் வேண்டாம் என்றார்கள். பழத்தட்டு, பூ, ஒரு வேன் எல்லாம் ஏற்பாடானது. சித்தி என்னைத் திட்டவில்லை. நான்கு மாதம் கழித்து, முறிந்த கையில் மாவுக்கட்டோடு அவள் திரும்பி வந்தாள். அதன்பிறகு யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

அந்த வேனில் போகும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்ததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் கையைப் பிடித்து, “இனிமே எது ஒடஞ்சாலும் பயமில்ல சித்தி. சித்தப்பா இருக்காரு” என்றேன்.

“உம்” என்றாள் சித்தி.