சொல்லாவிட்டால் பெரியவர்

அலுவலகத்தில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. வீட்டைப் பூட்டிப் படியிறங்கிய பிறகும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் பயப்படாமல் இருந்துவிட்டாள்.

மருந்தின் அளவைக் கணக்கிட அவள் எழுதிய நிரல் பகுதி (கிளாஸ் என்பார்கள்) முதலில் பெரியவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு குழந்தைகளுக்கும் ஆகட்டும் என்று அதைப் பொதுவாக்கினாள். இனி அதைப் பயன்படுத்தி நிரல் எழுதுகிறவர்கள் பெரியவரா குழந்தையா என்று வகையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் 'பிழை' என்று சிவப்பில் கத்தும். பழைய நிரல்களில் வகை ஏது? திரை முழுக்கச் சிவப்பு.

"ஒண்ணும் சொல்லலேன்னா பெரியவங்கன்னு எடுத்துக்கட்டும். அப்படியே போட்டு விடும்மா," என்றார் டீம் லீடர்.

'பெரியவர்' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். சிவப்பு மொத்தமும் மறைந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள், பாவம்.

சில மாதம் கழித்து அக்கா மகளுக்குக் கடும் காய்ச்சல். குழந்தைகள் வார்டில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனவள், கட்டிலருகே இருந்த திரையைக் கண்டாள். அவர்கள் கம்பெனி புதிதாகச் செய்து கொடுத்தது. மருந்தளவுக்குக் கீழே சின்ன எழுத்தில், 'வகை: பெரியவர்'.

இந்தத் திரைக்கு நிரல் எழுதியவர் யாரோ வகையைச் சொல்ல மறந்திருக்கிறார். கம்பைலர் கத்தியிருக்க வேண்டும். அதன் வாயைக் கட்டிப்போட்டவள் இவள்தான்.

நர்ஸின் விரல் மருந்து ஏற்றும் பம்பின் பொத்தானுக்குப் போனது. இவள் பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடுங்க! யாருங்க நீங்க?"

"அந்தக் கணக்க எழுதினவ. அழுத்தாதீங்க சிஸ்டர், அது பெரியவங்க அளவு."

"என்னடி சொல்றே?" என்று அக்கா அலறினாள்.

நர்ஸ் திரையைக் குனிந்து பார்த்தாள். விரலை இழுத்துக்கொண்டாள்.

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?" என்று இவள் கேட்டாள்.

"இல்ல. இது இன்னிக்குத்தான் வந்துச்சு. இவதான் முதல்."

திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் அங்கிருந்து நேராக அலுவலகம் போய் அந்தச் சொல்லை அழித்தாள். வகை சொல்லாத நிரல்களின் பெயர்கள் சிவப்பில் வரிசையாக எழுந்தன. குழந்தைகள் வார்டு. அதன் கீழே, அடுத்த வாரம் போக இருந்த பிறந்த குழந்தைகள் வார்டு.

"நல்லா ஓடிட்டு இருந்ததை ஏம்மா உடைச்சே? எப்படிக் கத்துது பாரு," என்றார் டீம் லீடர்.

"கத்தட்டும் சார்," என்றாள்.