ஒரு பிடி தென்னேரி மண்

சென்ற வாரம் காந்தி ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பழுப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தேன். வெல்லப்பாகு வாசனை. மேலே 'டெமராரா' என்று அச்சிட்டிருந்தது. டாக்டர் எனக்குச் சர்க்கரையே கூடாதென்கிறார். ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. டெமராரா என்பது ஓர் ஆறு என்று எனக்குச் சொன்னவர் வீராசாமி.

1967 மே மாதக் கடைசி. நான் ஒரு நாளிதழின் காஞ்சிபுரம் நிருபர். நிருபர் என்றால் ஒரு சைக்கிள், அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் பட்டுக்கடைத் தரகர்கள் ஒரு வெளிநாட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் வீராசாமி, தென் அமெரிக்கக் கயானாவில், டெமராரா ஆற்றங்கரையில், பள்ளி ஆசிரியர். பாட்டனார் தென்னேரியிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறியவர். பேரனுக்குத் தமிழில் மாரியம்மன் பாட்டு மட்டும் வரும், அர்த்தம் தெரியாது. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

அன்று அவர்கள் நாட்டு விடுதலையின் முதலாண்டு நாள். சர்க்கரையும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் எங்களுடையவை, லாபம் லண்டனுக்கும் கனடாவுக்கும் என்றார். விடுதலைக்கு இரண்டாண்டு முன்பு, இதே வாரம், சுரங்க ஊரில் நடந்த இனக்கலவரத்தில் அவர் வீடு எரிந்தது. தீ வைத்தவர்களில் ஒருவன் அவருடைய மாணவன். தேர்வு மதிப்பெண் வாசிப்பதுபோல் சொன்னார். அப்பாவின் புதைகுழியில் போட ஒரு பிடி மண் வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார்.

தென்னேரியில் அவருடைய பங்காளிகளான அண்ணனும் தம்பியும் வயலில் நின்றார்கள். அவர் யாருடைய பேரன் என்று மட்டும் சொன்னேன்.

"பங்கு கேக்க வந்துக்கினு கீறாரா?" என்றார் அண்ணன்.

"இல்லபா, பாக்கத்தான்."

"பாக்கவா கப்பலேறி வருவான்? எங்க தாத்தா இவன் தாத்தனுக்குக் கருமாதியே பண்ணிட்டாரு. செத்தவனுக்கு ஏதுபா பேரன்?"

தம்பி சிரித்தான். பேச்சு புரியாத வீராசாமி குனிந்து மண்ணை அள்ளினார். சண்டையில் மண்ணை அள்ளினால் எங்கள் பக்கத்தில் ஒரே பொருள்தான்: வம்சம் அழியத் தூற்றப்போகிறான்.

"தூத்தப் போறான்டா" என்றார் அண்ணன்.

தம்பி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அடித்தான். முதல் அடி தோளில், அடுத்தது நெற்றியில். குறுக்கே போன என்னை அண்ணன் வரப்பில் தள்ளினார். விழுந்த வீராசாமி பிடியைத் திறக்கவில்லை. அதனால் மணிக்கட்டிலேயே அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விரல்கள் தாமாகத் திறந்தன. அண்ணன் சிதறிய மண்ணைக் காலால் தேய்த்து வயலோடு சேர்த்தார்.

"இப்ப இட்டுக்கினு போ."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையைக் கழுவியபோது நகக்கண்ணில் ஒட்டியிருந்ததும் போயிற்று. வீராசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"வேண்டாம். அடித்தவனுக்கு என் அப்பாவின் மூக்கு."

சென்ற வாரம் அந்தச் சர்க்கரையை வாங்கிய மறுநாள் தென்னேரிக்குப் போனேன். அந்த வயல் பெரும் பள்ளமாக இருந்தது. பொக்லைன் தோண்ட, அண்ணன் தம்பியின் பேரன்கள் லாரிகளில் மண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குனிந்து ஒரு பிடி அள்ளினேன்.

"சாம்பிளா சார்?" என்றான் ஒருவன். "எத்தன லோடு வேணும்?"