தொப்பியைக் காகம் தூக்கியவரின் பிள்ளை

காய்ந்த தென்னோலை தகரக் கூரையில் ‘சடார்’ என்று விழும் சத்தம் கேட்டால், இன்றும் என் கால்கள் என்னைக் கேட்காமலே மேற்கே திரும்பிவிடுகின்றன. கிழக்குக் கரையிலிருக்கும் சாய்ந்தமருதில் கடல் ஊருக்குள் புகுந்து எங்கள் வீட்டை எடுத்துப்போன பிறகு, எஞ்சிய எல்லோருக்கும் அந்தத் திசைதான் பழக்கம். யாராவது ‘கடல் வருது’ என்று கத்தினால் போதும். கண்டாரா, கேட்டாரா என்று விசாரிக்க எவரும் நிற்பதில்லை, வயலூடாகச் சம்மாந்துறை வரைக்கும் ஓட்டம்தான்.

அப்படியொரு காலையில், உம்மாவின் கை என்று நம்பி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நின்று பார்த்தால், அது முன்பின் தெரியாத ஒரு கிழவரின் கை. அவரும் என்னைத் தன் பேரன் என்று நினைத்தே இழுத்து வந்திருக்கிறார். ஒருவரையொருவர் பார்த்து இருவரும் அலறினோம். அவர் பேரனைத் தேடி ஓட, நான் ஓர் அரிசி ஆலை வாசலில் தனியே நின்றேன். கடல் வந்த அன்று தொலைந்து, பிறகு கிடைக்கவே கிடைக்காதவர்களில் பள்ளிக்கூட வாங்கில் என் பக்கத்தில் இருந்தவனும் ஒருவன். அவன் முகம்தான் அப்போது நினைவில் வந்தது.

நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், “ஆர்ர புள்ள மனே நீ?” என்றாள். பயத்தில் வாப்பாவின் பெயர் மறந்துவிட்டது, என் பெயரும்தான். வாயைத் திறந்தால், கோபம் வரும்போதெல்லாம் உம்மா சொல்லும் கதைதான் வந்தது: “எங்கட வாப்பா மாப்பிள்ளையா வரக்குள்ள தொப்பியக் காகம் தூக்கிட்டுப் போயிட்டு. தலையில கைலேஞ்சியக் கட்டிட்டுத்தான் கலியாணம் முடிச்ச.”

நான் அழுதுகொண்டு சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். “இஞ்ச பாருங்க, தொப்பியக் காகம் தூக்கினவர்ர புள்ள ஒண்டு நிக்கிது!” என்று தெருவுக்குக் கத்தினாள். கதை வாய்க்கு வாய் ஓடியது. வெயில் ஏறிய பிறகு உம்மா வந்தார். முதலில் அடி, பிறகு அணைப்பு. பின்னால் வாப்பா.

“என்ட பேரச் சொல்ல ஏலாதா உனக்கு? இனி இந்த ஊர்ச் சந்தைக்கு நான் எப்படி வாற?”

“உங்கட பேர்ல ஊருக்குள்ள எத்தின பேர் இருக்காங்க,” என்றார் உம்மா. “காகம் உங்களத்தானே தேடி வந்த!”

எங்கள் வீடிருந்த ஒழுங்கை இன்று இல்லை, மணல்தான். உம்மாவும் வாப்பாவும் இல்லை. என் மகளுக்கு என் போன் நம்பரை மனப்பாடமாக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் கடற்காற்று பலமாக வீச, அவளைக் கூப்பிட்டேன். “வாப்பாட போன்ல சார்ஜ் இல்லாட்டி என்ன செய்வாய்?” என்றேன்.

யோசித்தாள். “பல்லிக்குப் பயந்து கதிரையில ஏறி நிண்டவர்ர புள்ள எண்டு சொல்லுவன்.”

“அது வேற ஆருக்கும் தெரியுமா?”

“ஓம் வாப்பா, பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.